இடையில் விட்டுப்போன இரண்டரை மணி நேரம்

ரேடியோ தூக்கத்திலேயே போய்விட்டான் என்ற கதையை மடிப்பு ஒரு வருஷமாகப் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவள் ரேடியோவின் மனைவி. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் அவளே கூப்பிடுவாள். “அண்ணா, அன்னிக்கு அவரு நல்லா சாப்பிட்டாரா?” என்று ஆரம்பிப்பாள். சாப்பிட்டான் என்பான். “படுக்கும்போது ஏதாவது சொன்னாரா?” அவன் பேசாமல் படுத்த நாள் உண்டா தங்கச்சி என்பான். பொய்க்குக் கால் கிடையாது என்பார்கள். மடிப்பின் பொய்க்கு முதல் மாதம் கால் இல்லைதான். மூன்றாம் மாதம் கால் முளைத்தது. ஆறாம் மாதம் அது கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்து, மகளின் பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூங்கியது. போனை வைத்த பிறகு, தான் சொன்னதில் எந்த இடம் நன்றாக வந்தது என்று யோசித்துக்கொண்டிருப்பதை ஒரு நாள் அவனே கவனித்துவிட்டான்.

மடிப்பும் ரேடியோவும் வேலை பார்த்தது வெளிநாட்டில், ஒரு பெரிய சலவைக்கூடத்தில். நகரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் அழுக்கு விரிப்புகள் வேனில் மலைமலையாக வரும். வெளுத்து, காய்ந்து, இஸ்திரியாகி, சதுரம் சதுரமாகத் திரும்பிப் போகும். அந்தச் சதுரமாக்குகிற மேஜையில் நின்றவன் என்பதால் அவனுக்கு மடிப்பு என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு மடித்தாலும் மூலைக்கு மூலை மயிரிழை தப்பாது. ரேடியோவுக்கு அந்தப் பெயர் வந்ததற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஈரத்துணியை அள்ளி டிரையர்களில் போடுவது அவன் வேலை. ஒன்பது டிரையர் ஒன்றாக ஓடும் இரைச்சலிலும் அவன் குரல் மேலே நிற்கும். “கடவுள் எனக்கு வாயைக் குடுத்தாரு, சுவிட்சு வைக்க மறந்துட்டாரு” என்பான். இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயசு. இரண்டு அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வீட்டில், சலவைக்கூடத்தின் வேன் ஓட்டுகிறவரோடும் வேறு இரண்டு பேரோடும் குடியிருந்தார்கள்.

அந்த நாட்டில் வேலை பார்க்க ரேடியோவுக்கு இருந்த அனுமதிக் காகிதம் ஏழு மாதத்துக்கு முன்பே தேதி முடிந்துபோயிருந்தது. இதோ புதுப்பித்துத் தருகிறேன், அதோ தருகிறேன் என்று முதலாளி இழுத்தடித்துக்கொண்டிருந்தார். ரேடியோ அதையும் சிரிப்பாக்கிவிட்டான். “பேய்க்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான்டா. பேய்க்கு ஷிஃப்ட் கிடையாது.”

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குச் சோதனைக்காரர்கள் வந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு, வாசல் மேஜையில் நாலு காகிதத்தைப் பார்த்துவிட்டு, இருபது நிமிஷத்தில் போய்விடுகிறவர்கள். டிரையர்களுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. கிழிந்த விரிப்புகளைப் போட்டுவைக்கிற இடம். ஜன்னல் இல்லை, டிரையர்களின் சூட்டுக் குழாய்கள் அதன் வழியாகத்தான் வெளியே போகும். “இவனை உள்ள தள்ளு. வெளிய தாழ் போட்டுடு, இல்லன்னா அந்தக் கதவு சாத்தி நிக்காது” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். மடிப்பு ரேடியோவை உள்ளே விட்டுத் தாழைப் போட்டான். வந்தவர்கள் அன்று இருபது நிமிஷத்தில் போகவில்லை. ஒவ்வொரு இயந்திரத்தின் எண்ணையும் எழுதினார்கள். வழிகளை அளந்தார்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காகிதம் பார்த்தார்கள். அவர்கள் கார் கிளம்பும்போது மணி ஒன்றரை.

தாழை நீக்கியபோது ரேடியோ கதவோரம் தரையில் கிடந்தான். சட்டையைக் கழற்றிக் கீழே விரித்து, வாயைக் கதவின் அடி இடுக்கில் வைத்திருந்தான். உடம்பு அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. மூச்சு இல்லை. சூப்பர்வைசர் தலையிலடித்துக்கொண்டார், உடனே அதை நிறுத்திக்கொண்டு யோசிக்கத் தொடங்கினார். ஒரு டிராலியில் அவனைப் போட்டு மேலே விரிப்புகளை அடுக்கி வேனில் ஏற்றினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் அவன் கட்டிலில் படுக்கவைத்தார்கள். காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை என்று மறுநாள் டாக்டரைக் கூப்பிட்டார்கள். ரேடியோவுக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம், தலைமாட்டில் மாத்திரை இருந்தது. டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். “போனவன் போயிட்டான். இருக்கிற முப்பது பேர் வயித்துல மண்ணைப் போடணுமா?” என்றார் சூப்பர்வைசர். பத்தாம் நாள் ரேடியோ பெட்டியில் ஊருக்குப் போனான்.

அதற்குப் பிறகு மடிப்புக்குப் பல்வலி வந்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாய், இப்படிக் கடித்தால் இன்னும் ஐந்து வருஷத்தில் எல்லாம் தேய்ந்துவிடும் என்றார் பல் டாக்டர். அங்கே வரவேற்பு மேஜையில் இருந்த பெண்மணி அவன் பேச்சை வைத்துத் தமிழன் என்று கண்டுகொண்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒரு சின்னத் தமிழ்ப் பத்திரிகையை அவள்தான் நடத்தினாள். நூலகத்தின் பின்னறையில் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதை எழுதுகிறவர்கள் கூடுவதாகச் சொல்லி ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தாள். கதையா, எனக்கா என்று நினைத்துக்கொண்டே மடிப்பு அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். மூன்றாவது சனிக்கிழமை போனான்.

ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பத்திரிகைக்காரிக்கும் அவன் வயசுதான் இருக்கும், ஆனால் வாய் பத்து வயசு பெரியது.

“விமான நிலையத்துல ஆரம்பிக்கிற கதை எனக்கு இதுவரைக்கும் நாப்பத்தேழு வந்திருக்கு. அம்மா சமையல் வாசனையில முடியுற கதை அறுபது. நடுவுல எல்லாரும் ஜன்னல் வழியா வெளிய பார்த்துக்கிட்டே இருக்காங்க. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க. உள்ள என்ன நடக்குதுன்னு எழுதுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மடிப்பு சிரிக்கவில்லை. அவன் சட்டைப்பையில் இருந்த ஐந்து பக்கக் கதை விமான நிலையத்தில்தான் ஆரம்பித்தது.

அவள் அதை வாங்கிப் படித்தாள். முதல் இரண்டு பக்கத்தைத் தனியாக எடுத்து அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“‘அறையின் கதவு பூட்டப்பட்டது.’ யாரு சார் பூட்டினது?”

“அங்க வேலை செய்யற ஒருத்தன்.”

“அவனுக்குக் கை இல்லையா? கதவு தானா பூட்டிக்குது, மெஷின் தானா ஓடுது, ஆள் தானா செத்துப் போறான். உங்களை மட்டும் சொல்லல சார். வெளிநாட்டுக்கு வந்தவங்க எழுதற கதை முக்காவாசி இப்படித்தான் இருக்கு. எல்லாம் நமக்கு நடக்குது. நாம யாரும் எதையும் செய்யறதே இல்ல.”

அடுத்த மாதம் அவன் ‘நாங்கள் பூட்டினோம்’ என்று மாற்றிக்கொண்டு போனான். அவள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். “அஞ்சு பேர் சேர்ந்து ஒரு தாழ்ப்பாளைப் போட முடியாது சார்.” அதற்கடுத்த மாதம் ‘அவன் பூட்டினான்’ என்று வந்தது. ‘நான்’ என்று எழுதிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். எழுதினால் கை ஓடவில்லை என்றான். “அப்போ அவன்னே இருக்கட்டும். சில பேருக்கு அவன்னு எழுதினாதான் வாயில உண்மை வரும்” என்றாள். வேனைப் பற்றி எழுதியிருந்த இடத்தை மட்டும் பாராட்டினாள். இடது பக்கக் கதவு சாத்தாது, கயிறு போட்டுக் கட்டித்தான் ஓட்டுவார்கள், அந்த இடுக்கு வழியாக டிராலியில் இருந்தவனின் மேல் வெயில் ஒரு கோடாக விழுந்தது என்று எழுதியிருந்தான். “இதை உட்கார்ந்து யோசிச்சு எழுத முடியாது” என்று சொல்லிவிட்டு அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பக்கத்தைத் திருப்பினாள்.

“இங்க ஒண்ணு இடிக்குது. பதினோரு மணிக்குத் தாழ் போடறான். அடுத்த பாராவுல மணி ஒன்றரை. நடுவுல இரண்டரை மணி நேரம் எங்க போச்சு?”

“அப்போ ஒண்ணும் நடக்கல மேடம்.”

“கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் செத்துக்கிட்டு இருக்கான். இந்தப் பக்கம் இவன் இருக்கான். ஒண்ணும் நடக்கலயா?”

மடிப்பு காகிதங்களை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். இரண்டு மாதம் நூலகத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அவர் போர்வை என்ன நிறம் அண்ணா என்று ஒரு தடவை கேட்டாள். நீலம் என்றான்.

மூன்றாம் மாதம், விடுமுறை நாள் ஒன்றில், மற்றவர்கள் வெளியே போயிருந்தபோது, சமையல் மூலையில் நின்றபடியே எழுதத் தொடங்கினான். உட்காரப் பயமாக இருந்தது. ஒரே மூச்சில் மூன்று பக்கம் வந்தது.

முதல் தட்டு அரை மணி நேரம் கழித்து வந்தது. விருந்தாளி வந்து தட்டுகிற மாதிரி மெதுவாக, மரியாதையாக. மடிப்பின் மேஜையிலிருந்து அந்தக் கதவு பத்தே எட்டு. இரண்டு மேஜை தள்ளிச் சோதனைக்காரர் ஒருவர் நின்று எழுதிக்கொண்டிருந்தார். மடிப்பு விரிப்பை மடித்தான். இரண்டாம் தடவை கொஞ்சம் பலமாக வந்தது, டிரையர் இரைச்சலில் அமுங்கியது. மடிப்பு மடித்தான். அப்புறம் கடைசி டிரையர் தன் நேரம் முடிந்து நின்றது. அந்தப் பக்கத்தில் இரைச்சல் குறைந்தது. தட்டு இப்போது கையால் வரவில்லை, காலால் வந்தது. சோதனைக்காரர் எழுதுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினார். மடிப்பு நடந்து போனான். கதவுக்குப் போகவில்லை. நின்றுபோன டிரையரிலிருந்த துணியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, காலி வயிற்றோடு மூடி, முழுச் சூட்டில் திருப்பி ஓடவிட்டான். சோதனைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த டிரையரின் குழாய் அந்த அறைக்குள்ளே போகிறது என்பது சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதைக் காலியாகவே ஓடவிட்டான். இரண்டு தடவை நேரத்தைக் கூட்டினான். தன் காகிதத்தைக் காட்டக் கூப்பிட்டபோது போய்க் காட்டினான். திரும்பி வந்து மடித்தான். அன்று மடித்ததில் ஒரு மூலையும் தப்பவில்லை.

எழுதியதைப் படித்துப் பார்த்தான். முழுசாகப் படிக்க அவனால் முடியவில்லை. இப்போது உட்கார்ந்து இரண்டு இடத்தில் கை வைத்தான். தாழ் போடுவதற்கு முன், நண்பன் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து அனுப்பினான் என்று சேர்த்தான். உள்ளே போகும்போது நண்பன் திரும்பிப் பார்த்து, “எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவளைப் பத்திதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்னு வீட்டுல சொல்லிடு” என்று சொன்னதாகவும் சேர்த்தான்.

அந்தச் சனிக்கிழமை கதையைச் சத்தமாக வாசித்தான். முடித்தபோது ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கடைசி வார்த்தை நெஞ்சைப் பிடிச்சுட்டுது தம்பி என்றார். எல்லோரும் போன பிறகு பத்திரிகைக்காரி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“தண்ணி பாட்டில், அந்தக் கடைசி வார்த்தை. இந்த ரெண்டும் வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு சார். எடுத்துடலாமா?”

“இருக்கட்டும் மேடம். அது இல்லாம படிக்க முடியாது.”

“யாரால?”

அவன் ஒரு நாற்காலியை எடுத்து அடுக்கின் மேல் வைத்தான். அவள் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள்.

“இது கதைதானே சார்?”

“கதைதான்.”

அவள் அதை நம்பவில்லை. நம்பாமலே அச்சுக்கு அனுப்பினாள். அதற்காகப் பிற்பாடு அவள் தன்னை நிறையத் திட்டிக்கொண்டாள், ஆனால் அது பிற்பாடு.

பத்திரிகை முந்நூறு பிரதிதான். ஆனால் இப்போது பிரதிக்கா பஞ்சம்? யாரோ பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்ப, அது கைக்குக் கை போய்ச் சேர்ந்தது. வேன்காரர் ஒரு நாள் சாயங்காலம் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். அவன் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான், அவரும் அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டுவந்தார்.

“ஏன்டா, உனக்குப் பாவம் கழுவணும்னா தனியா எங்கேயாவது போய்க் கழுவக் கூடாதா? என்னையும் என் வேனையும் எதுக்கு இழுத்தே?”

“அது கதைண்ணே.”

“கதையா? இடது பக்கக் கதவு சாத்தாதுன்னு எழுதியிருக்கே. கயித்தைக் கூட விடல. இந்த நகரத்துல எத்தனை வேனுக்குடா இடது பக்கக் கதவு சாத்தாது?” போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். “அவனைத் தூக்கும்போது நான் அழுதேன்டா. அதை மட்டும் எழுதலயே நீ.”

அது உண்மை. அதை அவன் எழுதவில்லை. மறந்தே போயிருந்தான்.

ரேடியோவின் மனைவி கூப்பிட்டது ஞாயிற்றுக்கிழமை அல்ல. ஒரு புதன், மத்தியானச் சாப்பாட்டு நேரம். சலவைக்கூடத்தின் பின்பக்கம், காலிச் சோப்புப் பீப்பாய்களுக்கு நடுவில் நின்று போனை எடுத்தான். அவள் ஊரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை செய்கிறவள். கோபம் வந்தால் குரல் ஏறாது, ஒவ்வொரு எழுத்தாகத் தெளிவாகும்.

“என் பொண்ணுதான் எனக்கு வாசிச்சுக் காட்டினா. மெஷினைப் போட்ட இடத்துல நிறுத்திட்டா. மீதியை நானே வாசிச்சேன். நான் ஒண்ணொண்ணா கேக்கறேன், எது நிஜம், எது கதைக்குன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேசாதீங்க.”

“சரி தங்கச்சி.”

“கதவு?”

“நிஜம்.”

“தாழ் போட்டது?”

“நான்தான்.”

“தட்டினது?”

“நிஜம்.”

“எத்தனை தடவை? கதையில மூணுன்னு இருக்கு.”

“மூணுக்கு அப்புறம் நான் எண்ணல.”

போனில் பள்ளிக்கூட மணி ஒன்று அடித்து ஓய்ந்தது.

“மெஷின்?”

“நிஜம்.”

“தண்ணி?”

அவன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

“தண்ணி குடுத்தீங்களா அண்ணா?”

“குடுக்கல.”

“என்னைப் பத்தி நினைச்சதா சொல்லச் சொன்னது?”

“அவன் அப்படி எதுவும் சொல்லல. இருபது நிமிஷத்துல வெளிய வந்துடுவோம்னுதான் அவனும் நினைச்சான்.”

“அப்போ என்னதான் சொன்னாரு? எதுவும் பேசாமலா உள்ள போனாரு, அவரு?”

மடிப்பு சொன்னான். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. “சீக்கிரம் திறடா, எனக்கு ஒண்ணுக்கு வருதுன்னான்.”

போனில் ஒரு சத்தம் வந்தது. அவள் சிரித்துவிட்டாள். புருஷனை அப்படியே கண்ணெதிரே பார்த்துவிட்டவள் மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடுவிலேயே திரும்பி வேறு ஒன்றாக மாறியது. மடிப்பு பீப்பாயைப் பிடித்துக்கொண்டு அது முடியும்வரை கேட்டான். முடிய வெகுநேரம் ஆனது.

“நீங்க எழுதினதுல நல்லது ரெண்டே ரெண்டுதான் இருந்துது. ரெண்டும் பொய்” என்றாள் கடைசியில். “நீலப் போர்வையும் பொய். ஒரு வருஷம் என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு கதை சொல்லியிருக்கீங்க. கதை போதும். இதை எங்க சொல்லணுமோ அங்க சொல்லுங்க. சொல்வீங்களா, மாட்டீங்களா?”

“சொல்றேன்.”

“சொல்லிட்டு எனக்குச் சொல்லத் தேவையில்ல. காகிதம் வந்தா தெரிஞ்சுக்கறேன்.”

போலீசில் போய்ச் சொல்வதற்கு அவனுக்கு அந்த ஊர் மொழி போதாது. பத்திரிகைக்காரி கிளினிக்கில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். சுவரோரம் காகிதக் கட்டுகள் அடுக்கியிருந்த ஒரு சின்ன அறை, ஒரு அதிகாரி, ஒரு கம்ப்யூட்டர். கதையில் ஒன்பது பக்கமாக இருந்தது அங்கே ஒன்றரைப் பக்கத்தில் அடங்கியது. அந்த இரண்டரை மணி நேரம் நாலு வரி. “வெளியே போக வேறு வழி இருந்ததா? இல்லை. தண்ணீர் இருந்ததா? இல்லை.” அவள் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவள் அந்த இல்லையில் ஒரு விநாடி நின்றுவிட்டாள். அதிகாரி என்ன என்று பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொல்லி மேலே போனாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தவள், “நான் கேட்டிருக்கணும் சார். தெரிஞ்சுக்கிட்டே கேக்காம இருந்தேன். கதை நல்லா இருந்துது” என்றாள்.

அதற்கப்புறம் நடந்தது எதுவும் ரேடியோவுக்கு உதவவில்லை. ஒரு வாரத்தில் சலவைக்கூடத்தை மூடினார்கள். முப்பது பேர் வேலையும் போயிற்று, சூப்பர்வைசர் பயந்தது அப்படியே பலித்தது. இஸ்திரி உருளையில் வேலை செய்த இரண்டு பெண்களுக்கும் காகிதம் இல்லை என்று தெரியவந்து இருவரையும் திருப்பி அனுப்பினார்கள். ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பம். சூப்பர்வைசர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளி வக்கீல் வைத்தார், அபராதம் கட்டினார். நாலு மாதத்தில் அதே கொட்டகையில் வேறு பெயர்ப்பலகை மாட்டினார். வேன்காரருக்கு எட்டு மாதம் சிறை. நீதிமன்றத் தாழ்வாரத்தில் இருவரையும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “உனக்காவது எழுத ஒரு கதை கிடைச்சுது” என்றார். அதுதான் அவர் அவனிடம் பேசிய கடைசிப் பேச்சு.

மடிப்புக்குப் பதினாலு மாதம், பிறகு ஊருக்கு அனுப்பிவிடுவது என்று தீர்ப்பு. சிறையில் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கிற வேலை கொடுத்தார்கள். பத்திரிகைக்காரி ஒரே ஒரு தடவை வந்து பார்த்தாள். அந்தக் கதையை ஒரு தொகுப்பில் சேர்க்கக் கேட்கிறார்கள், சம்மதமா என்றாள். போடுங்கள், ஆனால் தண்ணி பாட்டிலையும் அந்தக் கடைசி வார்த்தையையும் எடுத்துவிடுங்கள் என்றான்.

“கடைசியா அவர் நிஜமா சொன்னதைப் போடட்டுமா?”

“வேணாம் மேடம். அது அவங்க வீட்டுது.”

அவள் தலையாட்டினாள். வேறு ஏதாவது எழுதுகிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றான். பொய்யில்லை. பேனாவை எடுத்தால் என்ன நன்றாக வரும் என்றுதான் மனசு முதலில் தேடியது, அந்தத் தேடல் அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ஊருக்கு வந்து மூன்றாம் வாரம் ரேடியோவின் வீட்டுக்குப் போனான். எதற்குப் போகிறோம் என்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க யோசித்தும் விடை கிடைக்கவில்லை. கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். போட்டோவில் பார்த்ததைவிட உயரம்.

“காகிதம் வந்துது. மாரடைப்புன்னு இருந்ததை மாத்திட்டாங்க” என்றாள். “உள்ள கூப்பிட மாட்டேன்.”

“வேணாம் தங்கச்சி.”

“தங்கச்சின்னு சொல்லாதீங்க.”

அவன் தலையைக் குனிந்தான். திரும்பிவிடலாம் என்று காலை எடுத்தபோது, உள்ளேயிருந்து ஒரு பெண் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து வேப்பமர நிழலில் போட்டாள். பதினெட்டு வயசு இருக்கும். ரேடியோவின் மூக்கு. கேட்டைத் திறந்து, உட்காருங்க என்றாள். அம்மா அவளை முறைத்துப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் போய் நின்றுகொண்டாள்.

“எங்கப்பா அங்க என்னென்ன பேசுவாரு?” என்று கேட்டாள் அந்தப் பெண். “அவரு வெளிநாடு போகும்போது எனக்கு ஆறு வயசு. போன்ல பேசறது எனக்குத் தெரியும். சும்மா இருக்கும்போது என்ன பேசுவாரு?”

மடிப்பு ஆரம்பித்தான். உங்கப்பா டிரையருக்கு டிரையர் ஒரு பேர் வைத்திருந்தான், அதில் ஒன்றுக்கு உன் பேர் என்றான்.

“அது நிஜமா?” என்றாள் அவள்.

“நிஜம்.”

குளியலறைக்கு முந்திப் போக தினமும் வேன்காரரோடு சண்டை போடுவான் என்றான்.

“அது நிஜமா?”

“நிஜம்.”

ஒவ்வொரு வரிக்கும் கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, குத்தவும் கேட்கவில்லை. கடையில் சில்லறையை எண்ணி வாங்குகிறவள் மாதிரி கேட்டாள். ஒரு தடவை, மழை நாளில் அவன் பாடிய பாட்டைப் பற்றிச் சொல்லவந்தவன் நடுவில் நின்று, அது ரேடியோவா வேறு ஒருவனா என்று யோசித்துவிட்டு, தெரியல என்றான். அவள் சரி, அடுத்தது சொல்லுங்க என்றாள். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லிக்கொண்டே போனதில், ஆறு வருஷம் கூடவே இருந்தவனைப் பற்றி அரை மணி நேரத்துக்கு மேல் வரவில்லை. வாயே ஓயாதவன், அவ்வளவுதானா என்று மடிப்புக்கே திகைப்பாக இருந்தது. வாசற்படியில் நின்றிருந்தவள் எப்போது படியில் உட்கார்ந்தாள் என்பதை அவன் கவனிக்கவில்லை.

“வேற?” என்றாள் பெண்.

“இப்போதைக்கு இவ்வளவுதான் ஞாபகம் வருது.”

அவள் எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவன் எழுந்திருக்கக் காத்து நின்றாள். அவன் எழுந்தான். நாலு மணி பஸ் இருக்கிறது, இப்படியே நேராகப் போனால் நிறுத்தம் என்று அவனுக்கு வழி சொன்னாள்.